மருந்துப் புட்டியின் நீண்ட பெயரில் என்ன இருக்கிறது?

பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்து கார் சாகுபடி துவங்கிவிட்டால், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி கடைத்தெருக்களில் பூச்சிமருந்துக் கடைகளும் சுறுசுறுப்பாகிவிடும். "அண்ணாச்சி, நெல்லுல சுருட்டுப்புழு விழுந்திருக்கு, நல்ல மருந்தா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி வருகிறோம். அடுத்த முறை போகும்போது, "போன தடவை குடுத்தியளே, பச்சை மூடி போட்ட புட்டி, அதையே குடுங்க" என்கிறோம். மூடியின் நிறமும் அட்டையில் போட்டிருக்கும் படமும்தான் நமக்கு அடையாளம்.

அதே அட்டையில் பொடி எழுத்தில் இன்னொரு பெயரும் அச்சிட்டிருக்கிறது. புட்டியோடு வரும் துண்டுப் பிரசுரத்தைப் பிரித்தால், எண்களும் கோடுகளுமாக வாயில் நுழையாத ஒரு நீண்ட பெயரும் இருக்கக்கூடும். அதெல்லாம் படித்தவர்கள் சமாசாரம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் அந்தப் பெயர் ஒரு விலாசம் மாதிரி. ஊர், தெரு, கதவு எண் எல்லாம் அதில் உண்டு. முழுவதும் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பாதி தெரிந்தாலே பணமும் மிச்சம், பயிரும் மிச்சம். சில சமயம் உயிரும் மிச்சம்.

ஒரே சரக்குக்கு மூன்று பெயர்

முதலாவது வியாபாரப் பெயர். கம்பெனி தன் இஷ்டப்படி வைத்துக்கொள்வது. இரண்டாவது பொதுப்பெயர். உள்ளே இருக்கும் நஞ்சு எது என்று உலகம் முழுவதும் ஒரே மாதிரி வழங்கும் பெயர். மூன்றாவது ரசாயனப் பெயர். அந்த நஞ்சின் அணுக்கள் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்வது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் விதிகளும், வியாபாரப் பெயரோடு உள்ளிருக்கும் நஞ்சின் பெயரையும் அதன் சதவீதத்தையும் அட்டையில் போட்டாக வேண்டும் என்கின்றன.

வியாபாரப் பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? நெல்லில் தண்டுத் துளைப்பானுக்காக 'ஃபெர்டெரா' குருணை தூவுகிறோம். சில வாரம் கழித்து இலைச் சுருட்டுப்புழு தெரிகிறது. "மருந்தை மாத்தி அடிப்போம்" என்று 'கொராஜன்' வாங்கித் தெளிக்கிறோம். இரண்டும் வேறு வேறு டப்பா, வேறு வேறு விலை. ஒன்று குருணை, மற்றொன்று திரவம். ஆனால் இரண்டிலும் இருப்பது 'குளோரான்ட்ரனிலிப்ரோல்' என்ற ஒரே சரக்கு. மருந்தை மாற்றியதாக நினைத்தோம்; மாறியது டப்பாதான். ஒரே நஞ்சைத் திரும்பத் திரும்பப் போட்டால் பூச்சி அதற்குப் பழகிவிடும் என்பதை எல்லோரும் அறிவோம். பழக்குவது நாம்தான் என்பது பெயரைப் படிக்காமல் போனால் தெரியாது.

மெத் ஒன்று, எத் இரண்டு

இனி ரசாயனப் பெயருக்கு வருவோம். செடி, விலங்கு, சாணம், பெட்ரோல் இவற்றிலிருந்து வரும் பொருள்களிலும், இன்று நாம் உபயோகிக்கும் பூச்சிமருந்துகளில் பெரும்பாலானவற்றிலும் அடிப்படையாக இருப்பது கரி, அதாவது கார்பன். கார்பன் அணுவுக்கு நான்கு கை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கார்பனைப் பிடித்துக்கொண்டு சங்கிலியாக நிற்கும். மிச்சக் கைகளில் ஹைட்ரஜனையோ வேறொன்றையோ பிடித்துக்கொள்ளும். சங்கிலியில் எத்தனை கார்பன் என்பதைப் பெயரின் முன்பாதி சொல்லும். ஒன்று என்றால் 'மெத்', இரண்டு என்றால் 'எத்', மூன்று 'புரொப்', நான்கு 'பியூட்'. ஐந்துக்கு மேல் கிரேக்க மொழியின் எண்கள்: 'பென்ட்' ஐந்து, 'ஹெக்ஸ்' ஆறு.

இவை நமக்குத் தெரியாத பொருள்கள் அல்ல. சாண எரிவாயுவில் எரிவது மீத்தேன். ஒரே கார்பன், நான்கு கையிலும் ஹைட்ரஜன். தண்ணீர் கட்டிய வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழி கிளம்புகிறதே, அதிலும் மீத்தேன் இருக்கிறது. அடுப்பங்கரைச் சிலிண்டரில் இருப்பவை மூன்று கார்பனுள்ள புரொப்பேனும் நான்கு கார்பனுள்ள பியூட்டேனும். 'பியூட்' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? வெண்ணெய்க்கு லத்தீன் மொழியில் உள்ள பெயரிலிருந்து. கெட்டுப்போன வெண்ணெயில் ஒரு காரமான வாடை அடிக்கும். அந்த வாடைக்குக் காரணமான அமிலத்தில் நான்கு கார்பன் இருக்கிறது. அதற்கு வெண்ணெய் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். பிறகு நான்கு கார்பனுள்ள எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

பழைய பெயர்கள் எல்லாம் இப்படித்தான், கண்ட இடத்தின் பெயர்கள். எறும்பைக் காய்ச்சி எடுத்த அமிலத்துக்கு எறும்பின் லத்தீன் பெயரால் ஃபார்மிக் அமிலம் என்றார்கள். நாகர்கோவில் பக்கம் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிறார்களே, அதுதான். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பெயர் வழங்கிக் குழப்பம் மிகுந்தபோது, 1892-ஆம் ஆண்டு ஜெனீவா நகரில் ரசாயன அறிஞர்கள் கூடி ஒரு முறை வகுத்தார்கள். 1919-இல் இதற்கென்றே ஒரு பன்னாட்டு ஒன்றியமும் ஏற்பட்டது. அந்த முறைப்படி எறும்பின் அமிலத்துக்கு 'மெத்தனாயிக் அமிலம்' என்று பெயர். ஒரு கார்பன் உள்ள அமிலம் என்பது கேட்டவுடனே விளங்கிவிடும்.

பெயரின் கடைசிப் பாதி அந்தப் பொருளின் குணத்தைச் சொல்லும். 'ஏன்' என்று முடிந்தால் வெறும் எரிபொருள் சங்கிலி. 'ஆல்' என்று முடிந்தால் சாராய வகை. 'ஓயிக் அமிலம்' அல்லது 'ஆயிக் அமிலம்' என்று முடிந்தால் புளிப்பு. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கிய பதநீர் புளித்துக் கள்ளாகிறது. அதில் உண்டாவது எத்தனால். இன்னும் சில நாள் காற்றுப்பட விட்டுவிட்டால் காடியாகிவிடும். அதில் இருப்பது எத்தனாயிக் அமிலம். முன்பாதி மாறவில்லை, இரண்டு கார்பன் அப்படியே இருக்கிறது. வால்தான் மாறியது.

இந்த 'மெத்', 'எத்' வித்தியாசம் வெறும் எழுத்து வித்தியாசம்தானே என்று தோன்றலாம். 2023 மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டவர்களும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களும் செத்தது அந்த ஓர் எழுத்து வித்தியாசத்தால். எத்தனால் போதை தருவது. மெத்தனால் ஆலைகளில் உபயோகிக்கும் கரைப்பான். பார்க்க இரண்டும் தண்ணீர் போலத்தான் இருக்கும். மெத்தனால் உடம்புக்குள் போனதும் மெத்தனாயிக் அமிலமாக, அதாவது அதே எறும்பு அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுத்து ஆளையும் கொல்லும்.

வாழைத்தாருக்கு எது?

தாமிரபரணிக் கரையில் வாழை போடுகிறவர்கள் இன்னொரு ஜோடிப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கார்பன்கள் ஒன்றையொன்று ஒரு கையால் பிடித்தால் ஈத்தேன். இரண்டு கையால் பிடித்தால் ஈத்தீன். பழைய பெயர் எத்திலீன். மூன்று கையால் பிடித்தால் ஈத்தைன்; பழைய பெயர் அசிட்டிலீன், வெல்டிங் பட்டறையில் எரிவது.

பழம் பழுக்கும்போது தானாகவே விடும் வாயு எத்திலீன். ஒரு பழம் பழுத்தால் பக்கத்துப் பழமும் பழுப்பது இதனால்தான். நம் பெரியவர்கள் தாரை அறையில் அடுக்கிப் புகைமூட்டம் போட்டார்களே, அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு. கார்பைடு கல்லில் ஈரம் பட்டால் வருவது அசிட்டிலீன். அதுவும் பழுக்க வைக்கும், ஆனால் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் என்ற நஞ்சுகள் சிறிதளவு கலந்திருக்கும். ஆகவே கார்பைடு கல்லால் பழுக்க வைத்த பழத்தை விற்பதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்துள்ளன. எத்திலீன் வாயுவை அளவோடு உபயோகிக்க அனுமதி உண்டு.

கடையில் 'எத்திஃபான்' என்று ஒரு திரவம் விற்கிறது. அதன் ரசாயனப் பெயர் 2-குளோரோ எத்தில் பாஸ்போனிக் அமிலம். நடுவில் 'எத்தில்' நிற்பதைப் பாருங்கள். மருந்து சிதையும்போது அந்த இரண்டு கார்பனும் எத்திலீனாகப் பிரிந்து வெளியே வரும். பெயரிலேயே வேலை எழுதியிருக்கிறது. பழத்தை இதில் முக்கி எடுக்கக்கூடாது. அதிலிருந்து வரும் வாயு மட்டுமே பழத்தில் படலாம் என்பது விதி.

களைக்கொல்லியில் வரும் எண்கள்

நடவு வயலில் களை முளைக்குமுன் போடும் பூட்டாக்குளோரை அறியாதவர் இல்லை. 'பூட்டா' என்பது நமது வெண்ணெய்ப் பெயர்தான். அதன் அமைப்பில் நான்கு கார்பனுள்ள ஒரு கிளை இருக்கிறது. 'குளோர்' என்பது குளோரின். அதன் தம்பி பிரெட்டிலாக்குளோர். அதில் அந்தக் கிளைக்குப் பதிலாக மூன்று கார்பனுள்ள புரொப் கிளை. மற்றபடி இரண்டும் ஒரே குடும்பம், ஒரே மாதிரி வேலை. பூட்டாக்குளோர் 50 சதத் திரவமானால் ஏக்கருக்கு 1 லிட்டரை 20 கிலோ மணலில் கலந்து, நட்ட மூன்றாம் நான்காம் நாளில் சிறிதளவு தண்ணீர் நிறுத்தித் தூவி, இரண்டு நாள் தண்ணீரை வடிக்காமல் வைக்க வேண்டும். முளைகட்டி நேரடியாக விதைத்த வயலுக்கு இது ஆகாது. அதற்குப் பயிர்ப் பாதுகாப்பான் சேர்த்த பிரெட்டிலாக்குளோர் என்று கேட்டு வாங்க வேண்டும். பாதுகாப்பான் சேர்க்காத பிரெட்டிலாக்குளோரும் கடையில் உண்டு. அது நடவு வயலுக்கு. அட்டையைப் படிக்காமல் வாங்கினால் முளைத்த நெல்லே கருகும்.

அடுத்தது 2,4-டி. இதை 'டூ ஃபோர் டி' என்று படிக்காதவர்கூடச் சொல்வார். அந்த இரண்டும் நான்கும் ஏதோ கம்பெனியின் நம்பர் என்றே பலர் எண்ணுகிறார்கள். அவை கதவு எண்கள். ஆறு கார்பன்கள் வட்டமாகக் கைகோத்து நிற்கும் ஒரு வளையம் உண்டு. ஒன்றாம் இடத்திலிருந்து ஆக்சிஜன் வழியாக அசிட்டிக் அமில வால் தொங்குகிறது. இரண்டாம் இடத்திலும் நான்காம் இடத்திலும் குளோரின் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே 2,4-டைகுளோரோ பினாக்சி அசிட்டிக் அமிலம். 'டை' என்றால் இரண்டு. ஐந்தாம் இடத்திலும் ஒரு குளோரின் சேர்ந்தால் 2,4,5-டி. இந்த இரண்டையும் சரிபாதி கலந்துதான் வியட்நாம் யுத்தத்தில் காடுகளை அழித்தார்கள். 2,4,5-டி தயாரிக்கும்போது டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் சேர்ந்து உண்டாகிவிடும். நம் நாட்டில் அது பதிவு மறுக்கப்பட்ட மருந்து. 2,4-டி உபயோகத்தில் உள்ளது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு குளோரின்தான்.

வால் பகுதியையும் கவனிக்க வேண்டும். செடி தன் வளர்ச்சிக்காகத் தானே சுரக்கும் ஊக்கியின் பெயர் இண்டோல் அசிட்டிக் அமிலம். பூ உதிராமல் இருக்கத் தெளிக்கிறோமே 'பிளானோஃபிக்ஸ்', அதில் உள்ளது நாப்தலீன் அசிட்டிக் அமிலம். 2,4-டி-க்கும் அதே வால். மூன்றும் செடியின் வளர்ச்சியோடு விளையாடுபவை. அளவு குறைந்தால் ஊக்கி, மிகுந்தால் அகன்ற இலைச் செடிகளுக்கு எமன். நெல் தாங்கிக்கொள்ளும், ஆரைக்கீரையும் நீர்மேல்நெருப்பும் முறுக்கிக்கொண்டு சாகும். நட்டு மூன்று வாரம் கழித்து, 80 சத சோடிய உப்புத் தூளானால் ஏக்கருக்கு 500 கிராமை 250 லிட்டர் தண்ணீரில் கரைத்து, வயல் தண்ணீரை வடித்துவிட்டுத் தெளிப்பது வழக்கம். குதிரைவாலி போன்ற புல் களைகள் இதற்குச் சாகா. பக்கத்து வயலில் பருத்தியோ உளுந்தோ காய்கறியோ இருந்தால் காற்றடிக்கும் வேளையில் தெளிக்கவே கூடாது. களைக்கொல்லி தெளித்த கைத்தெளிப்பானை அரைகுறையாகக் கழுவிவிட்டுக் கத்தரிக்குப் பூச்சிமருந்து தெளித்தால், அந்தக் கத்தரியும் முறுக்கிக்கொள்ளும். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வது, செலவானாலும் நல்லது.

வாலைப் பார்த்துக் குடும்பம் அறிதல்

பொதுப்பெயர்களிலும் குடும்ப வால்கள் உண்டு. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின்: 'த்ரின்' என்று முடிபவை ஒரு குடும்பம். நெல்லில் புகையான் தோன்றிய வயலில் இந்த வகையைத் தெளித்தால் புகையான் குறைவதற்குப் பதில் பெருகிவிடும். புகையானைத் தின்னும் சிலந்திகளும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் செத்துப்போவது அதற்கு ஒரு காரணம். மருந்தின் பெயர் எதுவானாலும் சரி, அட்டையில் 'த்ரின்' தெரிந்தால் புகையான் வயலுக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். இரண்டு மருந்து கலந்த கூட்டுமருந்துகளில் இந்த வால் ஒளிந்திருக்கும். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

'ஃபாஸ்' என்று வரும் புரோபெனோஃபாஸ், குளோர்பைரிஃபாஸ் முதலியவை பாஸ்பரஸ் குடும்பம். 'கார்ப்' என்று வருபவை பெரும்பாலும் கார்பமேட் குடும்பம். கார்போஃபியூரான் குருணையும் இதைச் சேர்ந்ததே. யூரியாவுக்குக் கார்பமைடு என்று ஒரு பெயர் உண்டு. யூரியாவும் கார்பமேட்டும் ஒரே தாய் அமிலத்தின் வழி வந்தவை என்பது அந்தப் பெயரில் தெரியும். ஒன்று உரம், ஒன்று நஞ்சு. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே குணமாக இருப்பதில்லை அல்லவா?

பூஞ்சாண மருந்துகளில் 'கோனசோல்' வால் உள்ளவை ஒரு குடும்பம். வாழை இலைப்புள்ளிக்கு உபயோகிக்கும் புரொப்பிகோனசோலில் மூன்று கார்பன் கிளை. நெல்லின் இலையுறைக் கருகலுக்கு உபயோகிக்கும் ஹெக்ஸாகோனசோலில் ஆறு கார்பன் சங்கிலி. ஹெக்ஸாகோனசோலின் முழு ரசாயனப் பெயரைப் படித்தால் அதிலும் '2,4-டைகுளோரோ' வரும். அதைக் கண்டு களைக்கொல்லியோ என்று பயப்பட வேண்டாம். அசிட்டிக் அமில வால் அதில் இல்லை. இலைப்புள்ளிக்கு ஒரு முறை ஒரு கோனசோலும் மறுமுறை இன்னொரு கோனசோலும் அடித்தால் அது மருந்து மாற்றியதாகாது.

இன்னும் கேட்கக்கூடாத பெயர்கள்

1958-ஆம் ஆண்டு கேரளத்தில் 100-க்கும் மேற்பட்டோர் உணவில் நஞ்சு கலந்து இறந்தார்கள். பாரத்தியான் என்ற பூச்சிமருந்து சரக்குப் போக்குவரத்தில் கசிந்து கோதுமை மாவில் கலந்ததே காரணம். பூச்சிமருந்துகளுக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததும், 1968-இல் சட்டம் வந்ததும் அதன் பிறகுதான். பாரத்தியான் இரண்டு வகை: எத்தில் பாரத்தியான், மீத்தைல் பாரத்தியான். இரண்டு கார்பனுள்ளது முன்பே தடையாயிற்று. ஒரு கார்பனுள்ளது பல்லாண்டு விற்று, 2018 ஆகஸ்டில் தடையாயிற்று. அப்போது ஒரே ஆணையில் 12 மருந்துகள் உடனேயும், போரேட், டைகுளோர்வாஸ், பாஸ்பமிடான், டிரையசோஃபாஸ், அலாகுளோர், டிரைகுளோர்ஃபான் ஆகிய ஆறு 2020 டிசம்பர் 31 முதலும் நிறுத்தப்பட்டன. எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011-இல் நிறுத்தியது. 2023-இல் டைகோஃபால், டைனோகாப், மெத்தோமில் ஆகியவையும், இருப்பைத் தீர்க்க அவகாசம் கொடுத்து மோனோகுரோட்டோஃபாஸ் 36 சதத் திரவமும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. நெல்லுக்கும் வாழைக்கும் நம் பக்கத்தில் காலங்காலமாகத் தூவியும் தெளித்தும் பழகிய சரக்குகள் இதில் பல. பரணில் கிடக்கும் பழைய புட்டியில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. வியாபாரப் பெயரை வைத்துத் தேடினால் அகப்படாது.

அட்டையிலுள்ள சாய்சதுர அடையாளத்தையும் பாருங்கள். கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய விஷம், மஞ்சளானால் கொடிய விஷம், நீலமானால் நடுத்தரம், பச்சையானால் குறைவு. பச்சை என்றால் விஷமே இல்லை என்று அர்த்தமில்லை.

மருந்து தெளிக்கும்போது மயங்கி விழுந்தவரைப் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். டாக்டர் முதலில் கேட்பது, "என்ன மருந்து?" என்பதுதான். "பச்சை மூடி போட்ட புட்டி" என்றால் அவர் என்ன செய்வார்? பாஸ்பரஸ் குடும்பத்துக்கும் கார்பமேட் குடும்பத்துக்கும் முறிவு மருந்து அட்ரோபின். பாஸ்பரஸ் வகைக்கு அதோடு பி.ஏ.எம். என்ற இன்னொரு மருந்தும் கொடுப்பது வழக்கம். 'த்ரின்' குடும்பத்துக்கு வைத்தியம் வேறு. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. சாதாரணமாக எல்லோருக்கும் கொடுக்கும் ஆக்சிஜன்கூட அதற்கு நுரையீரல் சேதத்தை அதிகமாக்கும் என்பதால் யோசித்தே கொடுப்பார்கள். ஆகவே புட்டியை அட்டையோடு எடுத்துச் செல்ல வேண்டும். முறிவு மருந்தின் பெயரும் அதிலேயே அச்சிட்டிருக்கும். தெளிக்கும்போது நனைந்து அட்டை கிழிந்துபோவது உண்டு. அதனால் மருந்து வாங்கும்போதே ரசீது கேட்டு, வியாபாரப் பெயருக்குப் பக்கத்தில் பொதுப்பெயரையும் எழுதச் சொல்லி வாங்கி, அதை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருக்க வேண்டும்.